காய்ச்சல் அட்டை

சேசு மரி சூசை

சுங்கை பினாங், பினாங்கு
12 ஆகஸ்ட் 1934

அன்பு மகள் ரோசலினுக்கு அப்பா எழுதுவது. உன்னை மாதா காப்பாற்றட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, டிராம் பட்டறைக்குப் போகிறேன், மோட்டாரைப் பிரிக்கிறேன், பூட்டுகிறேன், வீட்டுக்கு வருகிறேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்காதான் சோறு கொண்டுவந்து வைத்து, "சாப்பிடுலா தம்பி, கோழி மாதிரி கொத்திட்டு வைக்காத" என்று திட்டிவிட்டுப் போகிறார்கள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ படிக்கப்போன கல்கத்தா மடத்தில் யார் பேசுவதும் புரியவில்லை, சோறு இறங்கவில்லை, கட்டிலை விட்டு எழுந்திருக்கவே பயமாயிருக்கிறது, வந்து கூட்டிப்போங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறாய். நாலு தடவை படித்தேன். அம்மா இறந்த சேதிக்கு அடித்த தந்தியில் எழுதாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். உன் அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்து பதினாறு வருஷத்தில் தமிழ் தெரியாத ஆளிடம் தானாகப் பேசினதே இல்லை. நான்தான் அவளை இழுத்துக்கொண்டே இருந்தேன், தனியாக டிராமில் ஏறு என்பேன், பாசார் சந்தையில் மலாய்க்காரியிடம் நீயே மீன் கேள் என்பேன். "நான் என்ன ஒங்க மோட்டாரா, சுவிட்சப் போட்டா ஓட?" என்பாள், நீயும் சேர்ந்து சிரிப்பாய். சித்திரையில் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "அங்க யாருக்கும் எம் பேச்சு புரியாதுங்க, நான் இங்கயே கெடக்குறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு தடவைதான் நான் இழுக்கவில்லை. சரி என்றேன். பட்டறையில் மோட்டார் சூட்டைக் குறிப்பதுபோல மணிக்கொரு தடவை அவள் காய்ச்சலை அட்டையில் எழுதினேன், நூற்றிரண்டு, நூற்றுமூன்று, நூற்றுநாலு. மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடினேன். நேற்றே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். அட்டை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

அதனால் உன்னைக் கூட்டிவர நான் வரமாட்டேன். இன்னொரு தடவை சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகப்போகச் சரியாகும் என்றும் எழுதமாட்டேன், ஆகுமா என்று எனக்குத் தெரியாது. இங்கே வந்தாலும் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், அதுவும் இருக்கிற மாதிரி இல்லை. என்னைக் கோபித்துக்கொள், ஆனால் அங்கேயே இரு. ஈரத்தலையைப் பின்னாதே. ஞாயிறு பூசையில் அம்மாவுக்காக வேண்டிக்கொள், என்னால் வாய்திறந்து வேண்ட முடியவில்லை.

ஆண்டவர் உன்னைக் கைவிடாதிருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உடம்பு சுட்டால் படுத்துக் கிடக்காதே. பக்கத்தில் யார் இருந்தாலும், அவள் பாஷை தெரியாவிட்டாலும், அவள் கையை எடுத்து உன் நெற்றியில் வை.

உன் அப்பா,
ச. வேதநாயகம்