படவேட்டில் நின்றுபோன புள்ளி

ஆரணி,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள சார்லிக்கு,

இன்று காலை கண் விழித்ததும் நான் முதலில் செய்த காரியம், ஜெபத்துக்கும் முன்னால், முகம் கழுவுவதற்கும் முன்னால், தலையணைப் பக்கத்தில் இருந்த போனை எடுத்து நீ எங்கே இருக்கிறாய் என்று பார்த்ததுதான். வரைபடத்தில் டென்மார்க்கின் ஓரத்தில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில், உன் அறையின் மேல் அந்த நீலப் புள்ளி அசையாமல் இருந்தது. அங்கே இன்னும் விடியவில்லை, நீ தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு, உன்னை எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாகப் போனைக் கவிழ்த்து வைத்தேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ எங்கே இருக்கிறாய் என்பது புள்ளியில் தெரிகிறது, எப்படி இருக்கிறாய் என்பது அதில் தெரிவதில்லை, அதனால் என் அம்மா எனக்கு எழுதியது போலவே நானும் கேட்கிறேன், சுகமா ராஜா? சாப்பாடு சரியாக நடக்கிறதா? அம்மா ஏன் போனை விட்டுவிட்டுத் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே சொர்ணவாரி நெல் வர ஆரம்பித்துவிட்டதால் அப்பாவுக்கு ரைஸ் மில் ஆபீஸில் வேலை அதிகம், சாயங்காலம் வரும்போது சட்டையெல்லாம் தவிட்டு வாசனை. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்கிறார், நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். எனக்கும் தீபாவளிக்கு முந்தைய ஓட்டம்தான். நம் தறிக்காரர்களிடம் புடவை வாங்கும் பெங்களூர் கம்பெனிக்கு ஒவ்வொரு புடவையும் தறியில் இருக்கும்போதே படம் வேண்டும், முந்தானை எவ்வளவு தூரம் வந்தது என்று சொல்ல வேண்டும், காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் தெருத் தெருவாக, வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போளூர் வரைக்கும். நீ புறப்படுவதற்கு முன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, அலைந்து வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் இல்லாமல் முடியாதும்மா என்று சொல்லி என் போனில் ஏற்றிக் கொடுத்தாயே, அதில் பெரும்பாலானவை இப்போது எனக்குக் கைவந்துவிட்டன. பேசினால் தானே எழுதிக்கொள்கிற ஆப் இருக்கிறதே, அதை போளூர் பஸ்ஸில் வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடி, மாம்பழ மஞ்சள் முடிந்தது, அரக்கு பாதி, கிளிப்பச்சை அடுத்த வாரம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மாள் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, யாருக்கு ஜெபம் பண்ணீங்க என்று விசாரித்தார். கிளிப்பச்சைக்கு என்று எப்படிச் சொல்வது, எல்லாருக்காகவும்தான் என்று சொல்லிவிட்டேன்.

மழை ஆப்தான் தெருவில் எனக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது, பிறகு அதையே பறித்தும் கொண்டது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கும் பாவு நூலை இழுத்துக் கட்டுவார்கள் அல்லவா, பட்டு நூலின் மேல் நாலு துளி விழுந்தாலும் பாடுதான், அதனால் பாவு போடும் சடையப்பன் தினமும் நான் வாசலுக்கு வந்ததும், மேடம் மேலேர்ந்து இன்னா சேதி என்று கேட்டுவிட்டுத்தான் கழியை நடுவார். போன வாரம் மழை இல்லை என்று நான் சொல்ல, அவர் பாவை விரிக்க, தூறல் பிடித்துக்கொண்டது. தெருவே ஓடி வந்து சுருட்டி உள்ளே கொண்டு போய்விட்டது, சேதம் ஒன்றும் இல்லை. அப்புறம் பார்த்தால் நான்தான் கம்பெனிக்காரர்களோடு பேசிய அன்று பெங்களூர் வானிலையைத் திறந்து அப்படியே விட்டிருக்கிறேன். சடையப்பன் அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார், ஜெபா மேடம் போனு நம்ம தெருவுல நின்னுகினு பெங்களூர் மழைய பாத்துகினு கீது என்று. நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அந்த வார்த்தை மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் அப்படித்தானே, ஆரணியில் நின்றுகொண்டு டென்மார்க் காற்றையும் மழையையும் அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தியான நேரங்களில் உன் புள்ளி கரையை விட்டுக் கடலுக்குள் போவதைப் பார்ப்பேன். வரைபடத்தில் கடல் வெறும் நீலம், அலை இல்லை, படகு இல்லை, நீ ஏறிப் பழுது பார்க்கும் காற்றாலைகளும் இல்லை, நீலத்தில் ஒரு நீலப் பொட்டு போய்க்கொண்டே இருக்கும், பிறகு சிக்னல் விட்டுப்போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அப்போது நான் ஏதாவது ஒரு வீட்டில் தறிக்குப் பக்கத்தில் இருப்பேன். மதிவதனி வீட்டுத் தறியில் இப்போது ஒரு புடவை ஓடுகிறது, நீளவாக்கில் போகும் பாவு நீலம், குறுக்கே போகும் ஊடை பச்சை, இப்படிப் பார்த்தால் ஒன்று, அப்படிப் பார்த்தால் வேறு. நிறத்துக்கு எண் சொல்லும் ஆப்பைக் காட்டினால் போனைச் சாய்க்கச் சாய்க்க எண் மாறிக்கொண்டே போகிறது. கம்பெனிக்கு எந்த எண்ணை அனுப்புவது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், உன் கடல் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

இனி அமாவாசை விஷயத்துக்கு வருகிறேன். நான் அன்று போனில் உன்னிடம் சரியாகப் பதில் சொல்லவில்லை. அமாவாசை அன்று ஊரில் தறி ஓடாது என்பது உனக்குத் தெரியும், அந்த நாட்களை எல்லாம் காலண்டர் ஆப்பில் குறித்து கம்பெனிக்கும் தெரிகிற மாதிரி வைத்ததே நீதான். அதற்கு முன்னால் பெங்களூரில் இருக்கும் அகல்யா என்ற பெண், மேம், மாசத்துல ஒரு நாள் மட்டும் எப்படி எல்லாத் தறியும் ஒண்ணா ரிப்பேர் ஆகுது என்று அப்பாவியாகக் கேட்பாள். அன்றைக்கு வேலை இல்லை. அப்பா மில்லுக்குப் போய்விட்டார். வீட்டில் துவைக்கவும் மடிக்கவும் எவ்வளவோ இருந்தது, நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே என்று நினைக்காமலே போனேன், வாழைத் தோட்டங்கள் வந்தன, ஜவ்வாது மலை கிட்டே வந்தது, படவேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். ரேணுகாம்பாள் கோயில் பக்கம் அமாவாசைக் கூட்டம். அதைத் தாண்டி ஆற்றங்கரையில் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். நம் ஊர்ப் பாலத்தின் கீழ் ஓடுகிற அதே ஆறுதான், இங்கே கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு பேசிக்கொண்டே வருகிறது. போனைத் தொடாமல் இருந்தால் திரையில் ஒரு செடி வளரும், அதுவரை யார் அழைத்தாலும் சத்தம் வராது, வேலையில் கவனம் சிதறாமல் இருக்கும் என்று ஒரு ஆப் வைத்துக் கொடுத்தாயே, அதைப் போட்டு மரத்தடியில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. தண்ணீரில் கால் வைத்திருந்தேன். இலை விழுந்தது. நிழல் நகர்ந்தது. கல்லூரியில் படிக்கும்போது கடைசி பீரியடில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருப்பேனே, அந்தப் பெண் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்தது.

அன்று உங்கள் பக்கம் காற்று பலமாக இருந்ததால் உங்களைக் கடலுக்கு அனுப்பவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சும்மா இருந்த நீ, என் புள்ளி தெரிகிற உன் வரைபடத்தைத் திறந்திருக்கிறாய். தறி ஓடாத நாளில், தறியே இல்லாத இடத்தில், கோயிலுக்குப் போகாத அம்மாவின் புள்ளி மலையடிவாரத்தில் அசையாமல் நின்றால் நீ என்னதான் நினைப்பாய். நீ அழைத்திருக்கிறாய், நீ வைத்துக் கொடுத்த செடி உன் குரலையே என்னிடம் விடவில்லை. நீ அப்பாவை அழைக்க, அப்பா மில்லில் இருந்து தெருவுக்கெல்லாம் போன் போட, குடும்பத்தோடு சாமி கும்பிட வந்திருந்த சடையப்பன் கையில் தேங்காய்ப் பையோடு கரையெல்லாம் தேடி என்னைக் கண்டுபிடித்தார். மூச்சு வாங்க நின்றவர், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்னா மேடம், அம்மன் கோயிலு வரைக்கும் வந்துட்டீங்க, ஐயருக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்றார். நம் சபைப் போதகரைத்தான் ஐயர் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஊரே பேஜாராகி கீது, ஜல்தி வீட்டுக்குப் பேசுங்க என்றார். நான் பதறிப்போய் போனை எடுத்தேன். எடுத்ததும் திரையில் இருந்த செடி, அதற்குள் மரமாகவே ஆகியிருந்தது, வாடிச் சாய்ந்தது.

அப்பா ஒன்றும் திட்டவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அங்க என்ன வேலை ஜெபா என்று மட்டும் கேட்டார். வேலை ஒன்றும் இல்லை என்றேன். அது அவருக்குப் புரியவில்லை. நீ அன்று சாயங்காலம் அழைத்து, அந்தச் செடி ஆப்பை எடுத்துவிடச் சொன்னாய், உன் புள்ளி பகல்ல ரொம்ப நேரம் நகராம இருந்தா இனிமே என் போன்ல மணி அடிக்கும்மா, அப்படி செட் பண்ணி வெச்சிட்டேன் என்றாய். உன் குரல் நடுங்கியதைக் கேட்டு நான் சரி சரி என்றேன். அன்றிலிருந்து, சொன்னால் சிரிப்பாய், மதிவதனி வீட்டில் நீலமும் பச்சையும் பின்னுவதைப் பார்த்துக்கொண்டே நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் திடீரென்று நினைவு வரும், எழுந்து போனோடு தெருக்கோடி வரைக்கும் நடந்துவிட்டு வருவேன். எங்கக்கா போறீங்க என்று அவள் கேட்டதற்கு, என் பையனுக்கு நடந்து காட்டிட்டு வரேன் என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், ஆனால் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பாக இல்லை.

இதைச் சொல்லும்போது நான் மட்டும் பாதிக்கப்பட்டவள் போலச் சொல்லக் கூடாது. சில ஞாயிற்றுக்கிழமைகளாக உன் புள்ளி உன் அறையில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஏரிக்கரையில், காலையில் இருந்து இருட்டும் வரைக்கும் இருக்கிறது. நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு சிவப்புக் கூரை, ஒரு மரம், தண்ணீருக்குள் நீளும் ஒரு பலகை. அந்தக் கூரைக்குக் கீழே யார் இருப்பார்கள் என்று நான் எத்தனை கதைகள் பின்னினேன் என்று எனக்கே கணக்கில்லை. நண்பன் வீடு என்பேன், ஒரு பெண்ணின் வீடு என்பேன், அவளுக்கு ஒரு முகம் கொடுப்பேன், அவள் அம்மா உனக்குக் காபி கொடுப்பாள். அப்பாவிடம் காட்டவில்லை. அப்புறம் போனில் ஞாயிறு என்ன செய்தாய் என்று எதுவும் தெரியாதவள் போலக் கேட்டேன், நீ ரூம்லயே தூங்கினேன்மா என்றாய். அந்த ஒரு வார்த்தை எனக்கு வலித்தது என்று சொல்ல மாட்டேன். படவேட்டுக் கரையில் உட்கார்ந்திருந்ததைப் பிறகு நினைத்தபோதுதான் நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குப் புரிந்தது. அங்கே இருந்த நேரம் முழுக்க நீ எங்கே இருக்கிறாய் என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை சார்லி, அது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா, பயமாகக்கூட இருந்தது. எனக்கு ஒரு புங்க மரத்தடி மாதிரி உனக்கு அந்தச் சிவப்புக் கூரை. அங்கே நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். என் பிள்ளை எனக்குப் பொய் சொல்லும்படி நான் வானத்தில் இருந்து பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை மறுபடி ஒருமுறை சரி பார்த்துக்கொள். ஊறுகாயைத் தினமும் தொட்டுக்கொள்ளாதே, அதற்குப் பதில் காய்கறி ஏதாவது வேகவைத்துச் சாப்பிடு. கடலில் இருந்து கரைக்கு வந்ததும், வந்துட்டேன் என்று ஒரே ஒரு வரி அனுப்பு, அதை மட்டும் மறக்காதே, அது எனக்குப் போதும். நான் எங்கே போனாலும் போகுமுன் அப்பாவிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவேன், படவேடானாலும் சரி. நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காத்துக்கொள்வாராக. காற்றும் கடலும் உன்னிடத்தில் அன்பாக இருக்கட்டும்.

தாளில் எழுதியதற்குக் காரணம் இதுதான். போனில் சொல்லியிருந்தால் நீ உடனே வேண்டாம்மா என்பாய், நானும் சரி என்றுவிடுவேன். இது உன் கைக்கு வந்து சேர நாளாகும், அதற்குள் என் மனம் மாறாமல் இருக்கிறதா என்று எனக்கும் தெரிந்துவிடும். அப்பாவிடம் சொல்லவில்லை, மதிவதனியிடம்கூடச் சொல்லவில்லை. என் புள்ளியை நிறுத்துவது எப்படி, உன்னுடையது என் வரைபடத்தில் தெரியாமல் செய்வது எப்படி என்று நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன், இரண்டு தொடுதல்தான். திடீரென்று மறைந்தால் நீ பயப்படுவாய், அதனால் கடிதம் கிடைத்தது என்று நீ சொல்லும் வரைக்கும் காத்திருப்பேன். சொன்ன அன்று இரண்டையும் எடுத்துவிடுவேன். மற்ற ஆப் எல்லாம் இருக்கட்டும், செடியும் இருக்கட்டும். அடுத்த நாள் காலை எழுந்ததும் போனைத் தேடிப் போகும் கை சும்மா திரும்பி வரும், பழகிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயாக அழைக்கும்போது, எங்கேடா இருக்கிறாய் என்று உண்மையிலேயே தெரியாமல் உன்னைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா,
ஜெபராணி ஜோசப்ராஜ்