மனன்னானுக்கு இன்னொரு கட்டு

என் பிரீஷிக்கு, ஏழு கடலும் கண்டு நடுங்கும் உன் புருஷன் இல்லியம் எழுதுவது. நான் குண்டுக்கல்லாக இருக்கிறேன். நீ நலமா? பசு நலமா?

நடுக்கோடையில் கடல்தெய்வம் மனன்னானுக்குக் கட்டுக்கட்டாகக் கோரைப்புல் காணிக்கை சுமந்து மலையேறினாயாமே! எனக்கு ஒரு கடிதம் எழுதத்தான் கை வலிக்கிறதா?

நேற்று எங்கள் கப்பல் நம் தீவோரம் போனது. உன்னைப் பார்க்கப் பாய்மரத்தின் உச்சிக்கே ஏறினேன். வானம் தலையில் இடித்தது. அந்த மனன்னான் பனிப்போர்வையால் தீவையே மூடிவிட்டான். நம் வீட்டுக்கு மட்டும் ஒன்பது மடிப்பு!

"எதிரி வந்தாத்தானே அவரு மூடுவாரு? உன்னைத்தான்டா எதிரின்னு நினைச்சிட்டாரு!" என்று கூட்டாளி ஃபின்லோ சிரிக்கிறான்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. நங்கூரம் தூக்குகிறார்கள், முடிக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி அவ்வழி வருகிறோம். வயிறு எரிந்துகொண்டேதான் கேட்கிறேன்: அந்த மனன்னானுக்கு இன்னொரு கட்டுப் புல் வைத்து, "கப்பல்ல வர்றது என் வீட்டுக்காரர்"னு சொல்லிவிடு.

உன் இல்லியம்