இறால் மயங்கிய காலை

கோலசிலாங்கூர்,
20.9.1984

கூடப்பிறந்த சேதுவுக்கு அக்காள் நாகமணி எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். பாசிர் கூடாங்கில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் எழுதியதற்கெல்லாம் ஒரு வரி பதில் இல்லை. உன் கையில் என்ன, கட்டா போட்டிருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். செம்பனை எண்ணெய் மில்லில் நீ விட்டுப் போன அந்தக் கழிவுக் குளத்து வேலைக்கு உன் மச்சானைக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவரோ சம்பான் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆற்றில் ஒன்றும் இல்லையடா. விடிய விடியத் தூண்டில் போட்டாலும் குழம்புக்குக்கூட இறால் தேறவில்லை. ஆற்றுமுகத்துச் சேற்றில் கெராங் சிப்பி வளர்த்த சீனர்களும் வெறும் ஓட்டைத்தான் வாரிக் கொட்டுகிறார்கள். சீனி முகம்மது பாய் கடைக்குத் தெலுக் இந்தானிலிருந்து ஐஸ் பெட்டியில் இறால் வருகிறது. கோலசிலாங்கூரில் உட்கார்ந்துகொண்டு வெளியூர் இறால் தின்கிறோம், கேட்டாயா கூத்தை!

ஏப்ரல் மாதம் பெரிய மழைக்கு மறுநாள் காலை உனக்கு நினைவிருக்கும். முழங்கை நீள இறாலெல்லாம் மயங்கி மயங்கிக் கரைக்கு வந்தனவே. லயத்து வீட்டுச் சனமே வாளியும் கைலியுமாக ஓடியது. ஆத்தா அள்ளிக் கொடுத்துவிட்டாள் என்று உன் மச்சான் கரையில் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நீ மட்டும் தென்னை மரத்தடியில் நின்றாய். சும்மா கிடைப்பதை அள்ளத் தெரியாத மண்ணாந்தை என்று உன்னைத் திட்டினேன். அடுத்த வாரமே நீ வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறினாய். நிரந்தர வேலையை உதறிவிட்டுப் போனாயே என்று அதற்கும் திட்டினேன்.

போன வாரம்தான் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. பாய் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது மில்லில் கணக்கெழுதும் கிராணி உன் மச்சானிடம் சொன்னாராம்: "ஒங்க மச்சான் தங்கமான பையன் லா. மழையில கொளம் ரொம்பிடுச்சு, ஆத்துப் பக்கக் கதவத் தொறடான்னு மேனேஜர் சொன்னாரு, தொறந்தான். அப்புறம் என்னமோ நிக்காமப் போயிட்டான். அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நீங்க வர்றீங்களா?" ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டு வடையை எடுத்துக் கடித்தாராம் அந்தப் புண்ணியவான்.

இன்னொரு குளம் வெட்டக்கூடாதா என்று இவர் கேட்டிருக்கிறார். எண்ணெய் விலை ஏறிக் கிடக்கிறதாம், பழம் லோரி லோரியாக வருகிறதாம், குளம் வெட்டுகிற இடத்தில் கன்று நட்டால் காசாம். எப்போதாவது பிடிபட்டால் அபராதம் கட்டுவது அதைவிட மலிவாம். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான் பார். நாம் ஆற்றை நம்பி உலை வைத்தோம், அவர்கள் அதற்கு ஒரு விலை போட்டு முடித்துவிட்டார்கள். பாய் பக்கத்தில் நின்றும் தேத்தண்ணியைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தாராம். அவர் பாவம், மதியத்தில் அவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மில் ஆட்கள்.

நானோ, வேலைக்குப் போங்கள் என்றுதான் உன் மச்சானிடம் சொன்னேன். மாசச் சம்பளம் வரும், சேமநிதி பிடிப்பார்கள், பிள்ளைகள் காலுக்குச் சப்பாத்து வாங்கலாம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்தக் கதவ நானே தொறந்து என் ஆத்துல ஊத்தணுமா, நாகு?" என்றார். அடுப்படிக்குப் போய் அழுதேன். வேறு என்ன செய்ய?

சனிக்கிழமை

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை அவர் மில்லுக்குப் போய்விட்டார். ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு சொன்னார்: "சேதுவுக்கு எழுது. ஒரு வாரமா அவன் மேல கோவத்தோடதான் இருந்தேன். இனிமே அவனச் சொல்ல எனக்கு வாய் இல்ல. தீவாளிக்கு வரச் சொல்லு."

அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே நடந்தார். நீ பஸ் ஏறிய அன்றைக்கும் இப்படித்தான் போனாய், தம்பி. அப்போது எனக்கு விளங்கவில்லை, உன்னைப் போட்டுத் திட்டினேன்.

தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், முடிந்தால் முன்னாலேயே வா. அடைமழை தொடங்கிக் குளம் நிரம்பினால் அவரையும் திறக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவர் அங்கே தனியாக நிற்கக்கூடாதடா. திறந்தவன் மனசு இன்னொரு திறந்தவனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு. நம் சனம் மழை கேட்டுக் கும்பிடுகிற மாரியம்மனிடம், இந்த வருஷம் மழையே வேண்டாம் தாயே என்று விளக்கேற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்காள்,
நாகமணி