சுற்றி வந்த மூடி

21.1.2008, சிதம்பரம்

இன்றும் என் மூடி போன மாதிரியே திரும்பி வந்தது. மத்தியானம் டீச்சர்கள் எல்லோரும் அவரவர் பொரியல், குழம்பை டிபன் மூடியில் வைத்து மேசையைச் சுற்றி அனுப்புவோம். ஜூனில் நான் சேர்ந்த புதிதில் என் கத்திரிக்காய் வதக்கலும் காலியாகும். கடலூரில் எங்கள் வீடு எந்தத் தெரு என்று புஷ்பவள்ளி டீச்சர் விசாரித்ததோடு சரி. அன்றிலிருந்து அவர் "வயிறு சரியில்ல ஜெயராணி" என்கிறார். எத்தனை மாதமாக?

23.1.2008

பிரேயரில் தினம் ஒரு ஆங்கில மரபுத்தொடர் சொல்வது என் பொறுப்பு. நாளைக்கு 'எலிஃபன்ட் இன் த ரூம்'. அறைக்குள் யானை நிற்கிறது. எல்லோருக்கும் தெரிகிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை. உதாரணத்துக்குப் புத்தகத்தில் ஏதோ வெள்ளைக்காரக் குடும்பத்துக் கதை. அது எதற்கு?

24.1.2008

சொல்லிவிட்டேன். மைக்கில்.

"எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சரோட மூடிய மட்டும் யாரும் தொட மாட்டாங்க. ஏன்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். அதான் யானை."

குரல் நடுங்கவில்லை.

ஹெச்.எம். வைத்திலிங்கம் சார் கூப்பிட்டார். "பிள்ளைங்க முன்னாடி இதையா பேசறது? நாளைக்கு அதே மைக்ல மன்னிப்புக் கேளுங்க. இல்லன்னா வேற ஸ்கூல் பாத்துக்குங்க."

போனில் அப்பாவும் அதையே சொன்னார். "கேட்டுட்டு வேலையப் பாரும்மா. நமக்கு இது புதுசா?"

புதுசு இல்லை என்பதுதான் என் கோபமே. நான் என்ன பொய் சொன்னேன்? எதுக்குக் கேக்கணும்? மாட்டேன்.

25.1.2008

கேட்கவில்லை. "நேத்து சொன்ன உதாரணம் சரிதான். சந்தேகம் இருக்கறவங்க மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து பாக்கலாம்" என்றேன். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

28.1.2008

மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இங்கிலீஷுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாம். "ஏப்ரல் வரைக்கும் இருங்க" என்றார் சார். பிரேயர் இனி எனக்குக் கிடையாது.

இப்போது யாருமே மூடியைச் சுற்றி அனுப்புவதில்லை. அவரவர் டப்பாவுக்குள் குனிந்து சாப்பிடுகிறார்கள். நான் மட்டும் என் மூடியை நடு மேசையில் வைக்கிறேன். இருக்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

6.2.2008

புஷ்பவள்ளி டீச்சர் கையை நீட்டினார். என் மூடியிலிருந்து கத்திரிக்காயை எடுத்துச் சோற்றில் வைத்துப் பிசைந்து சாப்பிட்டார். மற்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"உப்பு ஜாஸ்தி ஜெயராணி" என்றார்.

"எங்க வீட்ல இப்படித்தான் டீச்சர்."

இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

நாளைக்கும் உப்பைக் குறைக்கப் போவதில்லை.