பின்னால் வந்த உதை

ஜூன் 3

அம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு காலை எட்டி வைத்தபோது, கெண்டைக்காலில் யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்ததாம். திரும்பினால் தள்ளுவண்டியோடு ஊக்குச் சித்தி. அம்மாவோடு வருஷக்கணக்காக வேலை பார்ப்பவள். எப்போதும் ரவிக்கையில் ஊக்குகள் தொங்குவதால் எனக்கு அவள் ஊக்குச் சித்தி.

"கண்ணு பொடனியிலயா இருக்கு? வண்டிய விட்டு இடிக்கிற!"

"உனக்கும் எனக்கும் நடுவுல யானையே போகலாம். நான் எங்கடி இடிச்சேன்?"

சூப்பர்வைசர் அம்மாவைத்தான் நம்பினார். சித்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஜூன் 4

கெண்டைத் தசை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். "பாத்தியா? கிழியற அளவுக்கு இடிச்சிருக்கா," என்றாள் அம்மா என்னிடம்.

தோலில் ஒரு கீறல்கூட இல்லையே? கேட்க வாய் வரவில்லை. என் பிசியோதெரபி பட்டம், ஆஸ்பத்திரி வேலை, வீட்டிலேயே முதல் பட்டதாரி — எல்லாம் வாசலுக்கு வெளியேதான்.

ஜூன் 7

கணுக்காலைச் சுற்றி நீலம். அம்மாவுக்கு ஒரே வெற்றிக்களை. "வண்டி விளிம்பு சரியா இந்த உயரம்தான்."

கிழிந்தது மேலே, கறுத்தது கீழே. ரத்தம் தோலுக்கடியில் வழி தேடி இறங்கியிருக்கிறது. அம்மாவின் கால் என்பதை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 9

இறகுப்பந்து ஆடும் வங்கி ஊழியர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருக்கும் அதே தசைதான் கிழிந்திருந்தது. "பின்னாடி எவனோ மட்டையால அடிச்சிட்டான்னு சட்டையப் பிடிக்கத் திரும்பினேன் மேடம். சுவருதான் இருந்துச்சு."

மேடம் என்றதற்குக் கூச்சப்படக்கூட மறந்துபோனேன். சீனியரிடம் ஓடினேன். "அது கிழியறப்போ நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும். அடிச்ச ஆளைத் தேடுவாங்க," என்றாள்.

அப்படியென்றால் சித்தி —

வீட்டில் சொன்னேன். அம்மா மடக்கினாள்: "உன் புஸ்தகம் அங்க வந்து பாத்துச்சா?"

பேச்சில் ஜெயிக்க முடியாது. நீலத்தை அழுத்தினேன். வலிக்கவில்லை என்றாள். கெண்டைக்காலின் உள்பக்கம், மேலே, தொட்டதும் துள்ளினாள். "அங்கதான்டி!"

"வண்டி விளிம்பு அவ்வளவு உயரமாம்மா?"

அம்மா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூன் 10

அம்மா சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள், என் முகத்தைப் பார்க்காமல். "தப்பு என் பேர்லதான் சார். சதை தானா கிழிஞ்சிருக்கு. அவளைக் கூப்பிட்டுக்கங்க." சித்திக்குச் செய்யவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது?"

ஜூன் 12

சித்தியே வந்து வாசலில் நின்றாள். "உன் சதை உன்னையே உதைச்சதுக்கு நான் வேலையில்லாம உக்காந்தேன்." அம்மா அழுதாள். சித்தி அசையவில்லை. பிறகு என்னிடம், "அது எப்படிடி தானா கிழியும்?"

முட்டி விறைத்திருக்கும்போது, இழுபட்ட தசையே பாரத்தையும் உந்தித் தள்ளினால்... என் காலையே நீட்டிக் காட்டினேன். சரியாகத் தெரியவில்லை என்று சித்தி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 20

அம்மா மறுபடி சித்தியோடு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் இருவரும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறார்கள். நான் சொன்னால் கேட்கிறார்கள்!

"கிழிஞ்சது உனக்கு. எனக்கு எதுக்குடி இந்தக் கூத்து?" என்றாள் சித்தி.

"நாளைக்கு உனக்கும் கிழிஞ்சா திரும்பி என்னைத்தானே பாப்ப? தூக்குடி."