ஹெட்ஃபோன் இப்போது என்னிடம்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ வீட்டை விட்டுப் போன பிறகு, அப்பாவின் பட்டறையில் உன் ஹெட்ஃபோன் என் தலைக்கு வந்துவிட்டது. பள்ளி விட்டதும் நேரே ரேஸ் காருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்ஜினில் பொருத்திய மைக் வழியாக அதன் சத்தத்தைக் கேட்கிறேன். சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைதவறி வெடித்தால், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கிறது. உடனே நான் கையைத் தூக்க வேண்டும். அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். தாமதித்தால் பிஸ்டன் உடைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தானே நாக் சென்சார் இருக்கிறது என்றேன். ரேஸ் பிஸ்டன் சும்மாவே கடகடக்குமாம். சென்சார் அதையும் வெடிப்பு என்று எண்ணிப் பவரைக் குறைத்துவிடுமாம். அதனால் அணைத்தே வைத்திருக்கிறார்.

விடுதியோடு இருக்கும் அந்த அறிவியல் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது, அண்ணா. இந்த மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். "நீ போயிட்டா யாரும்மா கேக்கறது?" என்கிறார் அப்பா. நீ வந்துவிடேன்.

உன் தங்கை

ஜூன் 12

என் குட்டிப் புரொபசருக்கு,

வரமாட்டேன். வந்தால் மறுபடி கிளம்ப முடியாது.

சென்சார் மேல் குற்றமில்லை. அந்த இன்ஜினின் சாதாரணச் சத்தம் எது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடானதும், தீப்பொறி விழும் டைமிங்கைக் குறைத்து, அந்தத் தவறான வெடிப்பு வரவே வாய்ப்பில்லாதபடி வைத்துக்கொள். ஒவ்வொரு வேகத்திலும் சத்தத்தைப் பதிவு செய். எச்சரிக்கை அளவை அதற்குச் சற்று மேலே வை. சென்சாருக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடு. உலோகத்தோடு உலோகம் பட வேண்டும். அப்புறம் உன் காது யாருக்கும் தேவைப்படாது. ஓடிவிடு.

அண்ணன்

ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

நீ எழுதியபடியே செய்தேன். பெயின்ட் இருக்கத்தான் செய்தது. இப்போது நான் கையைத் தூக்குவதற்கு முன்பே சென்சாரோடு இணைத்த லேப்டாப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. பெருமை தாங்காமல், நீங்களே கேளுங்கள் என்று ஹெட்ஃபோனை அப்பாவுக்கு மாட்டிவிட்டேன். அவர் மிதித்தார். சிவப்பு எரிந்தது. அவரோ கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே, "சுத்தமா இருக்கு" என்று இன்னும் அழுத்தினார். நான்தான் பாய்ந்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

"அப்பா, உங்களுக்குக் கேக்கலையா?"

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என் உதட்டையே பார்த்தார். வண்டியை வேலைக்கு விட வருகிறவர்கள் பேசும்போது என்னை ஏன் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார், போனை ஏன் எப்போதும் என்னிடமே நீட்டுகிறார் என்பதெல்லாம் அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது.

"வெளிய சொல்லிடாதம்மா. காது கேக்காதவன்கிட்ட எவன் ரேஸ் வண்டிய விடுவான்?"

இனிமேல் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று கையசைத்துச் சொன்னேன்.

"இன்ஜினுக்கு வெளக்கு எரியும். ஆளுங்க பேசினா எரியுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேருவதற்கு இன்னும் சில நாள் இருக்கிறது. பெட்டியை அடுக்கினேன், திரும்பப் பிரித்துவிட்டேன்.

உனக்கு இது முன்பே தெரியுமா? தெரியாதென்றால் உடனே வா. தெரியுமென்றால் வர வேண்டாம். தெரிந்தும் எப்படிக் கிளம்பினாய் என்று மட்டும் எழுது.

தங்கை