நாற்பது விநாடி அழுகை

ஆகஸ்ட் 4, 2025
இன்று பதினொரு ஒலிப்பதிவுகள். தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது, இரண்டே வருடத்தில் சாவு. ஒருவருக்கு உடம்பே காந்தமாகிவிட்டதாம். எல்லாவற்றையும் கேட்டு, எங்கே கிளம்பியது, எத்தனை வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது என்று அட்டவணை போடுகிறேன். இதற்கு முனைவர் பட்டம் தருவார்களாம். அம்மாவைக் கேட்டால், நான் நாள் முழுக்கப் போனை நோண்டுகிறேன்.

ஆகஸ்ட் 6
நாளை எம்.ரெட்டியபட்டி. செல்வலட்சுமி என்று ஒருவர். கணவர் நாகராஜ் 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார், ஊசி போடாதவர். ஊர் நர்ஸ் அழகுத்தாய் அக்கா பேட்டிக்குப் பேசி வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 7
எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது.

ஏன் போடவில்லை என்று கேட்டேன். போனை எடுத்து ஒன்றைப் போட்டுக் காட்டினார். நான்கு வருடமாக அழிக்காமல் வைத்திருக்கிறார். ஒரு பெண் அழுகிறாள். எங்கப்பாவ ஊசிதான் கொன்னுருச்சு, யாரும் போட்டுராதீக, கால்ல விழுகுறேன். நாற்பது விநாடி.

என் குரல்.

"யாரு பெத்த புள்ளையோ, பாவம்" என்றார் செல்வலட்சுமி. "அவுக போடத்தான் கெளம்புனாக. இதக் கேட்டுட்டு நாந்தான் மறிச்சேன்."

நான் தலையை ஆட்டினேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். என்ன பிறவி நான்?

ஆகஸ்ட் 8
2021 ஏப்ரல். ஊசி போட்ட மூன்றாம் நாள் அப்பா தறி முன்னால் சரிந்து விழுந்தார். அன்றைக்கு எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒரு மாதம் கழித்துத்தான் அவருடைய பழைய சட்டையில் ஈ.சி.ஜி. சீட்டு கிடைத்தது. ஊசிக்கு ஒரு வாரம் முந்தைய தேதி. உடனே மதுரைக்குப் போகச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். மனிதர் எங்களிடம் மூச்சு விடவில்லை.

நானும்தான் மூச்சு விடவில்லை. அந்தச் சீட்டைப் பற்றி ஒரு குழுவிலும் சொல்லவில்லை. வெட்கமா? இனி யார் கேட்கப்போகிறார்கள் என்ற அலட்சியமா —

நாங்கள் வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக்காரர்கள். சொந்தக்காரர்களுக்கு அதைப் பேசத்தான் வரும், எழுத வராது. அதனால் குடும்பக் குழுவில் சாவுச் செய்தி உட்பட எல்லாமே குரல்தான். அப்பாவோடு தறி ஓட்டிய வெளியாட்களும் அதில் இருந்ததால் அன்று தமிழில் பேசித் தொலைத்தேன். கன்னடத்தில் அழுதிருந்தால் எங்கள் தெருவோடு நின்றிருக்கும்.

ஆகஸ்ட் 9
பஸ்ஸில் பின் சீட்டுப் போனில் ஒரு பெண் அழும் சத்தம். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஏதோ சீரியல்.

ஆகஸ்ட் 11
அழகுத்தாய் அக்கா போன் செய்தார். செல்வலட்சுமியின் மகள் தங்கச்செல்வியை, ஒன்பது வயது, சனிக்கிழமை தெருநாய் கெண்டைக்காலில் கடித்திருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டு வீட்டிலேயே வைத்திருக்கிறாராம். ஊசி என்றாலே கதவைச் சாத்துகிறாராம்.

"தேவி, நாய்க்கடி வெளையாட்டு இல்ல. நீ வந்து பேசு."

சரி என்றேன். போகவில்லை.

ஆகஸ்ட் 12
மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு வரி உதவவில்லை. நாகராஜ் போனது போதாதா? பஸ் ஏறப்போகிறேன்.

மாலை
சொல்லிவிட்டேன். அழுதது நான்தான், அப்பா போனது மாரடைப்பில் என்று. சீட்டையும் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது என்றேன். மே மாதம்.

"அப்ப அவுக உசுரோடதான இருந்தாக."

அவர் எழுந்து பிள்ளைக்குத் தலை சீவிவிட்டார். திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார். கூட வரட்டுமா என்று கேட்டேன். ஆட்டோக்காரரிடம் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 15
இரண்டாவது ஊசி போட்டாயிற்றாம். தூக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 9
கடைசி ஊசியும் முடிந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். அழகுத்தாய் அக்காதான் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். அந்தப் பேட்டியை நான் நீக்கிவிட வேண்டுமாம். தன் வீட்டுக்காரர் பெயர் என் புத்தகத்தில் இருக்கக் கூடாது என்றாராம் செல்வலட்சுமி.

நீக்கிவிட்டேன்.